கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குறை நோட்டு



மளிகைக் கடை நடத்தும் நம்மில் எவரும் குறை கேட்காமல் ஒரு நாளைக் கழித்ததில்லை. "அண்ணாச்சி, போன வாரம் வாங்கின ரவையிலே வண்டு", "வீட்டுத் தராசிலே போட்டா பருப்பு குறையுது", "நான் வாங்காத சாமானைக் கணக்கிலே எழுதியிருக்கீங்களே", "அரை மணி நேரமா நிக்கிறேன், என்னைக் கவனிக்க ஆளில்லையா?" என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு கதவு சாத்தும் வரை ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. நாமும் அந்த நேரத்துக்கு ஒரு சமாதானம் சொல்லி, அடுத்தவருக்குச் சரக்கு நிறுக்கப் போய்விடுகிறோம். இரவு கல்லாவை எண்ணும்போது பணம் மட்டும் கணக்கில் ஏறுகிறது. அன்று வந்த குறைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தக் குறைகளையும் ஒரு கணக்காக எழுதி, அவற்றிலிருந்து சிறு சிறு திருத்தங்களைச் செய்தால் நம் கடை எவ்வளவு மேம்படும் என்பதை விளக்கவே இக்கட்டுரை. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு நோட்டும், ஒரு பேனாவும், வாரத்துக்கு அரை மணி நேரமும் போதும்.

குறை சொல்பவரும் சொல்லாதவரும்

கோபம் உள்ள இடத்தில் குணம் உண்டு என்பார்கள். குறை சொல்கிற வாடிக்கையாளர் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நாம் சரிசெய்து கொடுத்தால் தொடர்ந்து வரலாம் என்ற எண்ணம் இருப்பதால்தான் அவர் வாய் திறந்து சொல்கிறார். நாம் அஞ்ச வேண்டியவர் சொல்லாமல் போகிறவரே. அவர் சண்டை போடமாட்டார், சாமானைத் திருப்பித் தரமாட்டார். அடுத்த மாதச் சிட்டையை வேறு கடையில் கொடுத்துவிடுவார். "அந்த வீட்டுக்காரர் இப்போதெல்லாம் வருவதில்லையே, ஊரை விட்டுப் போய்விட்டாரோ" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 48,000 ரூபாய், பத்து ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். நூற்றுக்கு எட்டு ரூபாய்தான் நமக்கு நிற்கிறது என்றாலும் 38,400 ரூபாய் ஆகிறது. அரைக் கிலோ ரவையை மாற்றிக் கொடுக்க மறுத்து அந்தக் குடும்பத்தை இழந்தால், போனது ரவையின் விலை மட்டுமல்ல என்பது புரியும். முன்பெல்லாம் அவர் போனால் அடுத்த தெருக் கடைக்குத்தான் போவார், என்றாவது திரும்பி வருவார். இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் வீட்டு வாசலுக்குச் சாமான் வருகிறது. திரும்பி வருவதற்கு அவருக்குக் காரணமே இருக்காது.

நோட்டுப் போடும் முறை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கல்லாவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் நூலில் பேனாவைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம்.

1. தேதியும் நேரமும்.
2. எந்தச் சரக்கு, அல்லது எந்த வேலை.
3. வாடிக்கையாளர் சொன்னது, அவர் சொன்ன வார்த்தையிலேயே.
4. அப்போது நாம் செய்தது: மாற்றிக் கொடுத்தோம், பணம் கொடுத்தோம், விளக்கம் சொன்னோம்.
5. கடைசிக் கட்டம் காலியாக இருக்கட்டும். அதை வாரக் கடைசியில் நிரப்புவோம்.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். "தரம் சரியில்லை" என்று நம் சொல்லில் எழுதினால் பிறகு படிக்கும்போது ஒன்றும் விளங்காது. "டீத்தூளில் சோப்பு வாடை அடிக்கிறது" என்று அவர் சொன்னபடியே எழுதினால், காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும். டீத்தூள் எந்த அலமாரியில் இருக்கிறது, அதற்கு அடுத்த தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

குறை கேட்கும்போது பத்துப் பேர் முன்னிலையில் வாதம் செய்யக் கூடாது. "எங்கள் கடையில் அப்படி வராதே" என்ற சொல், வந்தவரைப் பொய் சொல்பவர் ஆக்கிவிடுகிறது. "காட்டுங்கள், பார்ப்போம்" என்பதே போதுமானது. நியாயம் யார் பக்கம் என்பதைப் பிறகு யோசிக்கலாம். எழுதுவதற்கு நியாயம் தேவையில்லை.

வாரம் ஒரு நாள், கூட்டம் இல்லாத வேளையில், நோட்டைப் புரட்ட வேண்டும். ஒரே மாதிரியான குறைகளுக்கு ஒரே அடையாளம் போட்டு எண்ண வேண்டும். ஒரு முறை வந்த குறையை விட்டுவிடலாம். மூன்று முறை வந்தது தற்செயல் அல்ல. அதற்கு ஒரு காரணம் கடைக்குள்ளேயே இருக்கிறது. அந்த வாரத்துக்கு அந்த ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புறப்பட்டால் எதுவும் திருந்தாது.

ஏன், ஏன் என்று கேட்பது

ஜப்பான் நாட்டின் டொயோட்டா மோட்டார் நிறுவனம் 1951 ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் யோசனை சொல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சிறு சிறு திருத்தங்களைத் தொடர்ந்து செய்துகொண்டே போவது அந்த நிறுவனத்தின் வழக்கம். அங்கே பணியாற்றிய டாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை "ஏன்" என்று கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். மோட்டார் தொழிற்சாலைக்கு மட்டும் உரிய முறை அல்ல இது. மளிகைக் கடைக்கும் அப்படியே பொருந்தும்.

ரவையில் வண்டு என்ற குறையையே எடுத்துக்கொள்வோம். ஏன் வண்டு வந்தது? டின்னின் அடியில் பழைய ரவை கிடந்தது. ஏன் கிடந்தது? அது தீரும் முன்பே புது மூட்டையைப் பிரித்து மேலே கொட்டிவிட்டோம். ஏன் கொட்டினோம்? பிரித்த மூட்டையை வைக்க வேறு இடம் இல்லை. ஏன் இல்லை? ரவைக்கென்று ஒரே ஒரு டின்தான் இருக்கிறது. நான்காவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது. ரவைக்கு இரண்டாவது டின் ஒன்று வேண்டும். ஒன்று முழுக்கக் காலியான பிறகு, துடைத்து வெயிலில் காயவைத்து, அதன் பின்தான் அதில் புதுச் சரக்குக் கொட்ட வேண்டும். "கம்பெனிக்காரன் மோசமான ரவை போட்டுவிட்டான்" என்று முதல் கேள்வியிலேயே நிறுத்தியிருந்தால், கம்பெனியை மாற்றியிருப்போம். வண்டு மாறியிருக்காது.

இனி நம் கடைகளில் அடிக்கடி வரும் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடை குறைகிறது

எடை பற்றிய குறை வந்தால் நமக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் அது நம் நாணயத்தைத் தொடுகிறது. ஆனால் நாணயமான கடையிலும் எடை குறைய வழி உண்டு. மின்னணுத் தராசு சமதளத்தில் இல்லாமல் சாய்ந்திருக்கலாம். தராசில் உள்ள நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் இது தெரியும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் காற்று தட்டை அழுத்தலாம். தட்டுக்கு அடியில் பருப்பு மணி சிக்கியிருக்கலாம். மின்கலம் இறங்கியிருக்கலாம்.

விலை உயர்ந்த சரக்குக்கு இன்னொரு விஷயம் உண்டு. 5 கிராம் படியாகக் காட்டும் தராசில் 50 கிராம் ஏலக்காய் நிறுத்தால், ஒரு படி என்பதே எடையில் பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட தராசில் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று தகட்டிலேயே குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கலாகாது. ஏலக்காய், கிராம்பு, முந்திரி விற்பவர்கள் நுண்ணிய தராசு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. ஏனெனில் இதில் எடை கூடிப்போய் நாமே நஷ்டப்படுவதும் உண்டு.

செய்ய வேண்டியவை எளியவை. முத்திரையிட்ட ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லைத் தினமும் காலையில் தராசில் வைத்துப் பார்த்து நோட்டில் ஒரு குறி போடுவது. எண் தெரியும் முகப்பை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்பது. பை, டப்பா இவற்றின் எடையைக் கழித்துப் பூஜ்யம் வந்த பிறகே சரக்கைப் போடுவது. சந்தேகப்படுபவர் தாமே படிக்கல்லை வைத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், இரும்புப் படிக்கற்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை இட வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையினர் பார்க்கிறார்கள். முத்திரைச் சான்றைக் கடையில் பலர் பார்க்கும் இடத்தில் மாட்டிவையுங்கள். ஆய்வாளருக்குக் காட்டுவதைவிட வாடிக்கையாளருக்குக் காட்டுவதில் பயன் அதிகம்.

நாம் வாங்கும் மூட்டையையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 50 கிலோ சணல் சாக்கு மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். சாக்கோடு சேர்த்து 50 கிலோ என்று வந்தால், கிலோ 60 ரூபாய்ச் சரக்கில் மூட்டைக்கு 30 ரூபாய்க்கு மேல் போகிறது. கொள்முதல் செய்யும்போதே நிகர எடையா, சாக்கோடு எடையா என்று கேட்டுப் பட்டியலில் எழுதி வாங்குவது நல்லது.

வண்டும் வாடையும்

நம் ஊர் வெப்பத்தில் தானிய வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஆகவே இன்று கண்ணுக்குத் தெரியாதது அடுத்த மாதம் வாடிக்கையாளர் வீட்டு டப்பாவில் தெரிகிறது. அவர் வீட்டில் வந்த வண்டா, நம் கடையில் வந்த வண்டா என்று வாதிடுவதில் பயனில்லை. நம் பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம்.

மூட்டை வந்த அன்றே அதன் மீது தேதியைப் பெரிதாக எழுத வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரப்பலகை மீது, சுவரை ஒட்டாமல் ஓர் ஆள் புகுந்து பெருக்கும் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். உடைக்காத முழுப் பயறுகளில் வண்டு ஏறுவது அதிகம், உடைத்த பருப்பில் குறைவு. எனவே முழுப் பயற்றைக் குறைவாக வாங்கி அடிக்கடி வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எல்லாச் சரக்குக்கும் இதுவே வழி. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளைகளிட்ட குழாய் வடிவில் ஒரு பூச்சிப் பொறியை உருவாக்கியுள்ளது. தானியத்துக்குள் அதைச் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழுந்து அடியில் சேரும். சரக்கில் பூச்சி பிடிக்கத் தொடங்கியதை நம் கண்ணுக்கு முன்பே அது காட்டிவிடும்.

வாடை விஷயத்தில் ஒரே விதிதான். டீத்தூள், அரிசி, மாவு ஒரு பக்கம். சோப்பு, ஊதுவத்தி, கற்பூரம், பினாயில் மறு பக்கம். நடுவில் உப்பும் பாத்திரம் தேய்க்கும் நாரும் இருக்கட்டும். அலமாரியை ஒரு ஞாயிறு மதியம் மாற்றி அடுக்கினால் முடிந்தது. காசு செலவில்லை.

நிற்க வைக்கிறீர்கள்

அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மன் என்பவர், கையில் உள்ள கூடை கனத்துவிட்டால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். 1937 இல் மடக்கு நாற்காலியின் அமைப்பைப் பார்த்து, கூடை வைத்த தள்ளுவண்டி ஒன்றை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் பெரிய கடைகளில் உள்ள வண்டிக்கு இதுவே முன்னோடி. வாடிக்கையாளருக்கு எது சிரமம் என்று பார்த்ததுதான் அவர் செய்த வேலை.

நம் கடைக்கு வருகிறவருக்கு எது சிரமம்? மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நிற்பது. ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், மாதச் சாமான் வாங்குபவருக்குப் பின்னால் கால் மணி நேரம் நிற்கிறார். சின்னச் சாமான் வாங்குபவர்களுக்கென்று அந்த இரண்டு மணி நேரம் ஒரு பையனை ஒரு மூலையில் நிறுத்தினாலே பாதிக் கூட்டம் கலையும். மாதச் சிட்டையைக் காலையிலேயே கொடுக்கச் சொல்லலாம், அல்லது கைப்பேசியில் அனுப்பச் சொல்லலாம். கடை ஓய்ந்திருக்கும் மதிய வேளையில் எடுத்துக் கட்டிவைத்து, மாலையில் வந்து பெற்றுக்கொள்ளச் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேட்டவருக்காகக் கட்டுவது வேறு, யார் வந்தாலும் கொடுக்கலாம் என்று கால் கிலோ, அரைக் கிலோவாக முன்கூட்டியே கட்டி அடுக்குவது வேறு. வாங்குபவர் இல்லாதபோது குறித்த எடையில் கட்டிவைத்தது 2009 ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி பொட்டலப் பொருள் ஆகிவிடும். பொருளின் பெயர், நிகர எடை, கட்டியவர் பெயர் முகவரி, மாதம் ஆண்டு, அனைத்து வரிகளும் உட்பட்ட விலை, குறை தெரிவிக்க வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கட்டுபவர் பதிவும் செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்ய விரும்புவோர் முன்னதாகவே துறையினரைக் கேட்டுத் தெளிந்து செய்யுங்கள்.

சில்லறையும் கடன் நோட்டும்

சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் தருவது வாங்குபவருக்குப் பிடிப்பதில்லை. கைப்பேசி வழிப் பணம் 2016 க்குப் பிறகு பரவியதால், காசு வரை சரியாக வாங்க இன்று வழியிருக்கிறது. ரொக்கம் தருபவருக்கு, கொடுக்க வேண்டிய ஒரு ரூபாய் இரண்டு ரூபாயைச் சிட்டையில் எழுதி அடுத்த முறை கழித்துக்கொடுத்தால் நம்பிக்கை வளரும். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பது நம் ஊர்க் கடைகளில் பெரிய குறையாக இருந்தது. வெவ்வேறு வடிவத்தில் உள்ள 14 வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. "இங்கு பத்து ரூபாய் நாணயம் பெற்றுக்கொள்ளப்படும்" என்று ஒரு அட்டை எழுதி மாட்டினால், அது குறையைத் தீர்ப்பதோடு நமக்குச் சில்லறையும் கொண்டுவந்து சேர்க்கும்.

கடன் கணக்கில் வரும் தகராறு பெரும்பாலும் பொய்யால் வருவதில்லை; மறதியால் வருகிறது. வீட்டுப் பையன் வந்து வாங்கிப்போனது அவன் தாயாருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் மொத்தத்தைப் பார்த்ததும் அதிர்ச்சி அடைகிறார். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, இரட்டை நோட்டு: நம்மிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று, இரண்டிலும் அப்போதே எழுதுவது. மற்றொன்று, யார் வந்து வாங்கினார் என்பதை வரிக்கு எதிரே எழுதுவது: "மகன்", "பாட்டி", "வேலைக்காரம்மா" என்று ஒரு சொல் போதும். பதினைந்தாம் தேதி ஒரு முறை பாக்கி எவ்வளவு என்று சொல்லிவிட்டால், முப்பதாம் தேதி சண்டை வராது.

மொத்தக் கடைக்கும் குறை உண்டு

சில்லறைக் கடைக்காரர்களுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மொத்த வியாபாரத்தில் எங்களுக்கு வாடிக்கையாளர் நீங்கள்தான். எங்கள் கடைக்கு வெளியூர்க் கடைக்காரர்களிடமிருந்து வந்த குறைகளை நோட்டில் எழுதியதில், "என் மூட்டை வேறு கடையில் இறங்கிவிட்டது" என்பது திரும்பத் திரும்ப வந்தது. லாரிக்காரர் கவனக்குறைவு என்று சொல்லி முடித்திருக்கலாம். ஏன், ஏன் என்று கேட்டுப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இரண்டு கடைகள் இருக்கும் இடங்களில்தான் இது நடந்தது. மற்றொன்று, சந்தை வழக்கப்படி சணலில் கட்டும் சீட்டு, ஏற்றி இறக்குவதில் அறுந்துபோகிறது.

இப்போது சீட்டைக் கட்டுவதில்லை. கடைப் பெயர், தெருப் பெயர், ஊர் மூன்றையும் மூட்டையின் இரண்டு பக்கமும் மையால் எழுதுகிறோம். பன்னிரண்டு மூட்டை போனால் ஒவ்வொன்றிலும் 1/12, 2/12 என்று எண் போடுகிறோம். பெறுகிறவர் எண்ணைப் பார்த்ததும் எது வரவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறார். ஒரு டப்பா மையும் பத்து நிமிட வேலையும்தான் செலவு. அந்தக் குறை இப்போது அரிதாகவே வருகிறது.

கடைப் பையன்கள்

குறை முதலில் வருவது முதலாளி காதுக்கு அல்ல, சரக்கு எடுத்துக்கொடுக்கும் பையன் காதுக்கு. "உன்னால்தான் வந்தது" என்று அவனைத் திட்டினால், அடுத்த முறை வரும் குறையை அவன் நம்மிடம் சொல்லமாட்டான். வாடிக்கையாளரையும் ஏதோ சொல்லி அனுப்பிவிடுவான். கடையில் குறையே இல்லை என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்த நிம்மதிதான் ஆபத்து. நோட்டில் எழுதியதற்காக எவரையும் கடிந்துகொள்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருத்தம் என்ன செய்யலாம் என்பதையும் அவர்களையே கேட்க வேண்டும். நாள் முழுதும் ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்குத்தான் எந்தச் சரக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும்.

நம்மால் தீர்க்க முடியாதவை

எல்லாக் குறைகளுக்கும் மருந்து நம்மிடம் இல்லை. விலை ஏறிவிட்டது என்பதை நாம் மாற்ற முடியாது. ஆனால் எழுதிய விலைப்பலகை இருந்தால் சந்தேகம் குறையும். பிஸ்கட் பாக்கெட் சிறுத்துவிட்டது என்றால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். உறையில் அச்சிட்ட நிகர எடையை வாங்குபவருக்கே காட்டிவிடுங்கள். கெட்டுப்போன, காலாவதியான கம்பெனிச் சரக்கை வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டில் உள்ள தொகுதி எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். விற்பனைப் பிரதிநிதி வரும்போது "ரொம்பத் திரும்பி வருது" என்று வாயால் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். நோட்டைத் திறந்து காட்டினால் அவரும் எழுதிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பதும், குறையுள்ள சரக்கை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் ஆகும். வாடிக்கையாளர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். சரக்கின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை அவருக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கல்லாவில் ஐந்து நிமிடத்தில் தீரும் குறை ஆணையத்தின் வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

சங்கம் செய்யக்கூடியது

ஒரு கடையின் நோட்டு அந்தக் கடைக்குப் பயன்படும். இருபது கடைகளின் நோட்டு சேர்ந்தால் சங்கத்துக்கே பலம். ஒரே கம்பெனியின் எண்ணெய் டின் இருபது கடைகளிலும் ஒழுகுகிறது என்று தேதியோடு எழுதியிருந்தால், சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத ஆதாரம் கிடைக்கும். தனித்தனியாக முணுமுணுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதுபோலவே, ஒரு கடைக்காரர் கண்டுபிடித்த சிறு திருத்தம் மற்ற உறுப்பினர்களுக்கும் தெரிய வேண்டும். மாதக் கூட்டத்தில் தேநீருக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, "இந்த மாதம் எனக்கு வந்த குறை, நான் செய்த மாற்றம்" என்று இரண்டு பேர் பேசினால் போதும்.

பெரிய கடைகளிடம் குளிர்சாதனம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, தள்ளுபடி தரும் பணபலம் இருக்கிறது. ஆனால் அங்கே குறை சொல்ல வருகிறவர் ஓர் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம் கடையில் குறையைக் கேட்கிறவரும், அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரும் ஒருவரே. அவர் இரண்டடி தூரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. நோட்டை நாளைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். முதல் வரியை எழுத வைக்கும் வாடிக்கையாளர் ஒன்பது மணிக்குள் வந்துவிடுவார்.